மூணு தடவை மாத்தின ஓஸ்

அந்த மஞ்சப் பையைக் காலால தள்ளாதீங்க தம்பி. உள்ளே ஓஸ் இருக்குது, ஜெனரேட்டருக்கு டீசல் போற ரப்பர்க் குழாய். டீசல் வாடை அடிக்குதுங்களா? ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுக்குங்க. சோப்புத் தண்ணி விட்டு ரெண்டு தரம் கழுவித்தான் எடுத்தாந்தேன். போகாது. என்ற சட்டையிலயும் இதே வாடைதான். வீட்டுல சொல்லிச் சொல்லி விட்டுட்டாங்க.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். காந்திபுரத்துல ஒரு ஓஸ் கடை, பெரிய கடைன்னு சொன்னாங்க. அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு வரி எழுதி வாங்கணும். 'இந்த ஓஸ் போலி' அவ்வளவுதான். கீழே கடை சீல். பல்லடத்துல ரெண்டு கடையில கேட்டுட்டேன். ரெண்டு பேரும் இழுத்துப் பாத்து, வளைச்சுப் பாத்து, "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்லா இருக்குதாம். நல்லா இருந்தா எட்டாயிரம் குஞ்சு எப்படிங்க சாகும்?

என்ற பேரு சென்னியப்பன். பல்லடத்துக்குத் தெக்கால ஒரு குஞ்சுப் பொரிப்பகம். கோழி முட்டையை மெசினுக்குள்ள அடுக்கி வெச்சு இருபத்தோரு நாள்ல குஞ்சாக்குற இடம். அங்க பத்தொன்பது வருஷமா ஜெனரேட்டர் ஆப்பரேட்டர். சிரிக்காதீங்க, கரண்டு இருக்கறப்ப எனக்கு வேலையே இல்லைன்னு எல்லாரும் சொல்றதுதான். கரண்டு போனா மொத்த இடத்துக்கும் நான் ஒருத்தன்தான் உசுரு. கடைசி மூணு நாள் முட்டைக்குள்ள குஞ்சு முழுசா இருக்கும். மூச்சு வாங்கும், சூடு விடும். மெசின் ஃபேன் நின்னுதுன்னா இருபது நிமிசம், மிஞ்சிப் போனா அரை மணி. அப்புறம் அதுங்க சூட்டுலயே அதுங்க வெந்துரும்.

மாசத்துக்கு ஒரு நாள் கரண்டுக்காரங்க பராமரிப்புன்னு நிறுத்துவாங்கல்ல, காலைல ஒம்போதுல இருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும், பேப்பர்ல ஊர்ப் பேரெல்லாம் வரிசையாப் போடுவாங்க. அந்த நாள்தான் எனக்குப் பரீட்சை. பதினெட்டு வருஷம் ஒரு தடவை கூடத் தவறுனதில்லைங்க. இந்தக் கார்த்திகையில இருந்துதான் சனி பிடிச்சுது.

ஆரம்பம் எங்கன்னு கேட்டா, பெயின்ட். எங்க ஓனரம்மா பேரு சுலோச்சனா. நல்ல அம்மா. என்னை விடச் சின்னவங்க, "சென்னியப்பண்ணா"ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆயுத பூஜைக்கு முன்னாடி ஜெனரேட்டருக்குப் புது பெயின்ட் அடிச்சாங்க. பச்சை. பூஜை அன்னைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோட போறேன், அம்மா சொல்றாங்க, "அண்ணா, பெயின்ட் மேல வெக்காதீங்க, கறை பிடிச்சா போகாது." பத்தொன்பது வருஷமா ரேடியேட்டர் நெத்தியில பட்டை பட்டையா வெச்சவன் நான். வேற எங்க வெக்கிறது? பெயின்ட் அடிக்காத இடம்னு பாத்தா டீசல் டேங்க் மூடி ஒண்ணுதான். வட்டமா, வெள்ளையா, உள்ளங்கை அகலத்துக்கு முகமாட்டம் இருந்துது. சரின்னு அதுலயே சந்தனம் அப்பி நடுவுல குங்குமம் வெச்சேன். அதுல இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கதான். பழசு காஞ்சு வெடிச்சிருக்கும், அது மேலயே புதுசு. வெக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் ஓட்டிப் பாப்பேன். ஜம்முனு ஓடும்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, என்ற பக்கம் ஒரு குறையும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும்.

ஐப்பசியில தீபாவளின்னு கரண்டை நிறுத்தல. கார்த்திகையில முதல் மின்தடை. டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பி, ஒம்போது மணிக்கு ஸ்டார்ட் பண்ணினேன். முக்கால் மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் சத்தம் மாறுச்சு. எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்துலயும் தெரியும். இழுத்து, இழுத்து, நின்னுபோச்சு. ஓடிப் போயி டீசல் இருக்குதான்னு டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்டுது பாருங்க, என்ற முகத்துலயே. டீசல் நிறைய இருந்துது. மூடியை மூடிட்டு, ஏர் எடுத்து, அதாவது குழாய்க்குள்ள இருக்கற காத்தை வெளியேத்தி, ஸ்டார்ட் பண்ணினேன், ஓடுச்சு. மறுபடியும் முக்கால் மணி. மறுபடியும் நின்னுது. அஞ்சு மணிக்குள்ள எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் டேங்கைத் திறந்து பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அதே புஸ். அன்னைக்குப் பொரிக்கிற மெசின்ல முட்டை கம்மி. தப்பிச்சோம்.

அப்பத்தான் ஓஸைப் பாத்தேன். டேங்குல இருந்து ஃபில்டருக்கு வர்ற ஓஸ். உருண்டையா இருக்க வேண்டியது சப்பிப் போயி, நசுங்கி, சப்பாத்தியாட்டம் கிடந்துது. வேற என்னங்க வேணும்? கண்ணால பாத்தது. மட்டமான ஓஸ், இஞ்சின் இழுக்கற இழுப்புத் தாங்கல. ஆறு மாசத்துக்கு முன்னாடி அதை வாங்குனது நாச்சிமுத்து.

நாச்சிமுத்து எங்க ஸ்டோர்க்காரன். சாமான் வாங்கறது பூராவும் அவன்தான். பதினாலு வருஷமா ஒண்ணா வேலை பாக்கறோம். மத்தியானம் அவன் டிபன் பாக்ஸ்ல பாதி எனக்கு, என்றதுல பாதி அவனுக்கு. என்னை அண்ணாம்பான். "ஓஸ் மட்டம்டா"ன்னேன். "அப்படிங்களாண்ணா, இருக்கும்"னுட்டு, அடுத்த நாளே கம்பி பின்னின ஓஸ், நல்ல கனம், இந்தா இந்தப் பையில இருக்கறது, இதை வாங்கியாந்தான். கூடவே நிப்பிள், செம்பு வாசர், கிளிப்பு எல்லாம் புதுசு. "இதை யானையைக் கட்டி இழுத்தாலும் நசுங்காதுங்ண்ணா. நசுங்குனா யானையைக் கூட்டியாந்து என்னை மிதிக்கச் சொல்லுங்க"ன்னான். அவன் எப்பவும் இப்படித்தான் பேசுவான்.

மாட்டுனது நான். ஓஸ் மாத்தறதுன்னா சும்மா கழட்டி மாட்டறதுன்னு நினைக்காதீங்க. ஆக்சா பிளேடு போட்டு அறுக்கக் கூடாது, ரப்பர்த் தூள் உள்ளே விழும், அது போயி பம்ப்பை அடைக்கும். கூர்க் கத்தியில ஒரே வெட்டு. உள்ளே டீசல் விட்டு அலசணும். ஒரு முனைக்கு ரெண்டு கிளிப்பு, ஒண்ணோட திருகு மேல, இன்னொண்ணோடது கீழ. பழைய வாசரை மறுபடி போடவே கூடாது, எத்தனை பேர் போடறாங்க தெரியுங்களா? கடைசியா ஏர் எடுக்கணும். திருகைத் தளத்தி விட்டுக் கைப் பம்ப்பை அடிச்சா முதல்ல நுரை வரும். நுரை நின்னு கண்ணாடியாட்டம் டீசல் வர்ற வரைக்கும் அடிக்கணும். ஒரு குமிழி இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன். காத்து விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது.

வெள்ளிக்கிழமை பத்து நிமிசம் ஓட்டினேன். பிரமாதம். பொட்டு வெச்சேன்.

மார்கழியில ரெண்டாவது மின்தடை. அன்னைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் முட்டை, ஓடு உடைக்கிற நேரம். உள்ளே போனா கீச்சுக்கீச்சுன்னு சத்தம் கேக்கும். ஒம்போதே முக்காலுக்கு நின்னுது. ஓஸைத் தொட்டுப் பாத்தேன், நசுங்கல. அப்ப ஓஸ் இல்லை, ஜாயின்ட்டு. எங்கயோ காத்து இழுக்குது. ஏர் எடுத்தா நுரை நுரையா வருது. சரி, செம்பு வாசர் போலின்னு முடிவு பண்ணிட்டேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணிருக்கலாம். ஆனா அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காதுங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டா கழட்டி, துடைச்சு, திருப்பி முடுக்கினேன். மேனேஜர் வந்து கத்தறார், உள்ளே வேலை செய்யற பொம்பளைங்க வந்து நிக்கறாங்க. நான் அவசரப்படல. அம்பது நிமிசம். முடிச்சுட்டு, டீசலைப் பாக்கலாம்னு மூடியைத் திறந்தேன், புஸ். ஸ்டார்ட் பண்ணினேன், ஓடுச்சு.

உள்ளே கீச்சுச் சத்தம் நின்னுருச்சு.

தட்டுத் தட்டா வெளியே எடுத்தாங்க. பாதி ஓட்டுக்குள்ள, பாதி வெளியே. ஜே.சி.பி. வெச்சுக் குழி எடுத்துச் சுண்ணாம்பு போட்டு மூடுனோம். நான் ரெண்டு நாள் சாப்பிடல. ரெண்டாவது நாள் உக்காந்து ஒரு லெட்டர் எழுதினேன். அம்மாவுக்கு. ஓஸும் வாசரும் போலி, வாங்குனவர் கமிஷனுக்கு ஆசைப்பட்டு மட்டமான சாமான் வாங்கிட்டார், குஞ்சு செத்ததுக்கு அவரே பொறுப்பு. கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன்.

நாச்சிமுத்து கமிஷன் வாங்குனதைப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க. பாக்கல. ஆனா சாமான் போலின்னா கமிஷன் இல்லாம எப்படிங்க? பத்தாவது படிச்ச யாருக்கும் புரியுமே.

அன்னைக்கே அவனை நிறுத்திட்டாங்க. போறப்ப ஜெனரேட்டர் ரூமுக்கு வந்தான். "அண்ணா, நீங்களா எழுதுனீங்க?"ன்னான். "நான்தாண்டா"ன்னேன். ஓஸைத் தொட்டு அழுத்திப் பாத்தான். "டிபன் பாக்ஸ் மூடி உங்ககிட்ட இருக்குதுங்ண்ணா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்.

மூணாவது தடவை நானே வாங்கினேன். யாரையும் நம்பல. தை மாச மின்தடைக்கு முன்னாடி ஈரோடு போயி, நாலு கடை ஏறி, ஓஸ், நிப்பிள், வாசர் எல்லாம் முதல்தரம். நானே மாட்டினேன். மின்தடை அன்னைக்கு அம்மா ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்து என்ற பக்கத்துல நிக்க வெச்சுட்டாங்க. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. அறிவழகன்னு பேரு, சூலூர்க்காரர். அப்பா காலத்துல இருந்து கறுப்புச் சட்டைக் குடும்பம். அன்னைக்கும் கறுப்புச் சட்டைதான், கிரீஸ் தெரியாதுன்னு வேற ஒரு சாக்கு.

நாப்பது நிமிசத்துல நின்னுது.

ஆமாங்க. நான் வாங்கிப் போட்டதும் நின்னுது. அதுக்குக் காரணம் இருக்குது, சொல்றேன்.

நான் ஸ்பேனரை எடுத்துட்டு ஓஸ் பக்கம் போறேன். அறிவழகன் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ். மூடியைத் திருப்பி வெளிச்சத்துல பாக்கறார்.

"அண்ணா, இது என்னங்க?"

"சந்தனம்."

"அது தெரியுதுங்க. இதுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குமே, அது எங்க?"

"எந்த ஓட்டை?"

உள்ளே வேலை செய்யற பொம்பளை ஒருத்திகிட்ட ஊக்கு ஒண்ணு வாங்கி, சந்தனத்தைச் சுரண்டி, நடுவுல குத்துனார். கட்டி கட்டியா விழுந்துது. "டேங்கு மூச்சு விடற ஓட்டைங்க இது. டீசல் கீழ போகப் போக மேல காத்து உள்ளே வரணும். எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊத்துனா என்ன ஆகும்? குபுக் குபுக்னு நின்னுரும்ல? அதேதான். இழுத்து இழுத்துப் பாத்து முடியாம நின்னிருக்குது. அதுலதான் பழைய ஓஸும் நசுங்கிருக்கும். நீங்க மூடியைத் திறக்கறப்பெல்லாம் காத்து உள்ளே போயி மறுபடி ஓடிருக்குது."

மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். அஞ்சு மணி வரைக்கும் ஓடுச்சு.

நான் கேட்டேன். "ஆக, சாமிக்குச் சந்தனம் வெச்சதாலதான் மெசின் நின்னுதுங்கறீங்க."

"சந்தனம் வெச்சதால இல்லைங்ண்ணா, ஓட்டையை அடைச்சதால. இட்லி மாவை வெச்சு அடைச்சிருந்தாலும் நிக்கும். மூடியில வேண்டாம், டேங்கு மேல எத்தனை வேணும்னாலும் வெய்யுங்க. நானே அரைச்சுத் தர்றேன்."

பாத்தீங்களா நக்கலை? கறுப்புச் சட்டைக்காரர் வேற என்ன சொல்லுவார்? சாமி மேல பழி போட ஒரு சந்தர்ப்பம் கிடைச்சா விடுவாங்களா? அம்மா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாங்க, அந்த ஆளைக் கண்டிக்கல. மூடியையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம், "பெயின்ட் மேல வெக்க வேண்டாம்னு நான்தானே சொன்னேன்"னு முணுமுணுத்துட்டு உள்ளே போயிட்டாங்க. அவங்களுக்கே உறுத்துது பாருங்க.

அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் ஓடுனதுக்குக் காரணம் வேற. நான் வாங்குன ஓஸ் முதல்தரம், அதான் ஓடுச்சு. முதல்ல நாப்பது நிமிசத்துல நின்னது ஏன்னா, புதுசு படியறதுக்கு நேரம் எடுக்கும். புதுச் செருப்புக் கடிக்கறதில்லையா?

போன வாரம் அம்மாவும் அறிவழகனும் இன்னொண்ணு பண்ணுனாங்க. நாச்சிமுத்து வாங்குன இந்த ஓஸையே திருப்பி மாட்டி, மூடி ஓட்டையைத் திறந்து விட்டு ஓட்டுனாங்க. நாள் முழுக்க ஓடுச்சு. மறுநாள் ஓட்டையில டேப் ஒட்டி ஓட்டுனாங்க. நாப்பத்தி ரெண்டாவது நிமிசம் நின்னுது. அம்மா கையில வாட்ச்சோட நின்னாங்க. நான் சொல்றேன், அந்த ஆள் எதையோ தளத்தி விட்டிருப்பார். நான் டீ வாங்கப் போயிருந்தேன், பாக்கல.

அன்னைக்கு அம்மா ரூமுக்குக் கூப்பிட்டாங்க. "அண்ணா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாம நடந்தது. யாரும் உங்களைத் தூக்குல போடப் போறதில்லை. ஆனா நீங்க எழுதிக் குடுத்த லெட்டர் ஃபைல்ல இருக்குது. அது இருக்கற வரைக்கும் நாச்சிமுத்துவைத் திருப்பி எடுக்க என் தொழில் பார்ட்னர் ஒத்துக்க மாட்டார். நடந்தது இன்னதுன்னு நீங்களே உங்க கையால எழுதி, முன்னாடி எழுதுனது தப்புன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அவரை நாளைக்கே கூப்பிட்டுக்கலாம்."

நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். நாலு நாள் ஆச்சு. நேத்து அம்மா சொல்லிட்டாங்க, ஸ்டோருக்குப் புது ஆள் பாத்தாச்சாம், நாளைக்குக் காலைல வர்றாராம். இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள என்ற பேப்பர் அவங்க மேசை மேல இருந்தா அந்த ஆளை வேண்டாம்னு சொல்லிருவாங்க. இல்லைன்னா இல்லை.

நாச்சிமுத்து நேத்து வீட்டுக்கு வந்தான். நூல் மில்லுல மூட்டை தூக்கறான் இப்ப. நாலு பொரிப்பகத்துல ஸ்டோர் வேலை கேட்டிருக்கான், கமிஷன் கேஸ்னு தெரிஞ்சு ஒருத்தரும் எடுக்கல. தோள்ல துண்டு, இடுப்பைப் பிடிச்சுட்டே உக்காந்தான். என்ற வீட்டுக்காரி காப்பி குடுத்தா. நான் எதாச்சும் சண்டை போடுவான்னு பாத்தேன். போடல.

"அண்ணா, சந்தனம்னு எழுத வேண்டாம். அது உங்களுக்குக் கஷ்டம். ஓஸ் கெட்டதுன்னே இருந்துட்டுப் போகட்டும். நான் கமிஷன் வாங்கலைன்னு மட்டும் எழுதுங்க, போதும்."

"ஓஸ் கெட்டதுன்னா கமிஷன் இருந்தாகணுமேடா"ன்னேன்.

"அப்ப ஓஸ் நல்லதுன்னு எழுதுங்க"ன்னான்.

"அப்ப குஞ்சைக் கொன்னது யாரு?"

காப்பியைக் குடிச்சு முடிச்சான். போறப்ப டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனான், என்ற வீட்டுக்காரி தடுத்தும் கேக்கல. அவ அதுக்கப்புறம் என்கிட்டப் பேசல.

நீங்களும் பேச மாட்டேங்கறீங்க. பரவாயில்லை.

தம்பி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளிச்சு, வெறும் வயித்துல, குஞ்சுங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, இந்தக் கட்டை விரலால அழுத்தி அழுத்தி வெச்சது. அதுதான் எட்டாயிரத்தையும் கொன்னுதுன்னு என்ற கையாலயே எழுதச் சொல்றாங்க. எழுதிட்டு மறுபடி அந்த ரூமுக்குள்ள எப்படிங்க போறது? ஓஸுன்னு இருந்தா எனக்கும் நிம்மதி, சாமிக்கும் கெட்ட பேரில்லை, யாருக்கு என்ன நட்டம்?

ம். அவனுக்குத்தான். தெரியுது.

இல்லைங்க, ஃபோன் என்றதுதான் அடிக்குது. அடிக்கட்டும். அவன்தான். எடுத்தா என்ன சொல்றது?

நீங்க ஒரு உதவி பண்ணுங்க. இந்தா, இந்த முனையில உங்க உள்ளங்கையை வெய்யுங்க. கறை ஆகாது, கழுவினதுதான். நான் இந்தப் பக்கம் ஊதறேன். உள்ளே எதாச்சும் அடைப்பு இருந்தா, ரப்பர் விட்டுப் போயிருந்தா, காத்துத் தடுமாறும்.

வருதுங்களா? தடுமாறாம வருதா?

இன்னொரு தடவை ஊதறேன், இப்பப் பாருங்க.

சரி. குடுங்க. பஸ்ஸுக்குள்ள இதெல்லாம் சரியாத் தெரியாது. கடைக்காரர் மெசின்ல வெச்சுப் பாப்பார்.

இது சிங்காநல்லூருங்களா? அப்ப வந்தாச்சு. இனி காந்திபுரம் போக அரை மணி. கடையில ஒரு அரை மணி. திரும்பப் பல்லடம் போகவே ஒண்ணரை மணி ஆகும், அப்புறம் எங்க ஊருக்கு டவுன் பஸ். அதுக்குள்ள அஞ்சு மணி தாண்டிருச்சுன்னா நான் என்னங்க பண்றது? வீட்டுல சும்மாவா உக்காந்திருந்தேன்? அவனுக்காகத்தானே இத்தனை தூரம் ஓஸைத் தூக்கிட்டு வந்தேன்.

மணி என்னங்க ஆச்சு உங்க வாட்ச்சுல?

மூணேகாலா. அப்ப இறங்கி ஒரு டீ குடிச்சுட்டே போகலாம்.